படுக்கை வசதி: ஒருவர்

மணமுறிவு முடிந்து வெளியே வந்தபோது தச்சரிடம் மிஞ்சியது அவருடைய உளி, சுத்தியல் பெட்டியும் ஒரு பழைய சரக்கு வேனும்தான். வேனுக்குள்ளேயே குடியேறிவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, உள்ளே ஏறிப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, துணி அலமாரி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். பின்பக்கம் குறுக்கே அவருடைய கட்டில். மகளுக்குக் கட்டில் எங்கே என்று கேட்டால் சிரிப்பார். பக்கச் சுவர்ப் பலகையில் ஓரிடத்தை விரலால் அழுத்துவார். ஓர் ஆணிகூடத் தெரியாமல் முழுக்கட்டில் ஒன்று இறங்கி வந்து நிற்கும்.

ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் ஒன்பது வயது மகள் அதில்தான் தூங்கினாள். காலையில் போய் அழைத்து வருவார், ஞாயிறு மதியம் கொண்டுபோய் விடுவார். எந்தக் காகிதத்திலும் எழுதாத ஏற்பாடு. இரண்டு வருடமாக நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மகளின் அம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரலாம் என்று ஒரு பேச்சு வந்தது. போய்விட்டால் சனிக்கிழமையும் போச்சு. பள்ளி விடுமுறைக்காவது மகள் தன்னோடு இருக்க வேண்டும் என்று கோர்ட் எழுதிக் கொடுத்துவிட்டால் யாரும் அசைக்க முடியாது என்று தச்சர் நினைத்தார். கோர்ட் முதலில் கேட்பது, வீடு எங்கே என்றுதான். வேனோ காகிதத்தில் இன்னும் சரக்கு வண்டி. அதை வீட்டு வண்டி என்று பதிவு செய்வதா, இருப்பது இருக்கட்டும் என்று விட்டுவிடுவதா என்று ஒரு மாதமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"எதுக்கு இதெல்லாம்?" என்றாள் மகளின் அம்மா. "நான் என்ன, அனுப்ப மாட்டேன்னா சொன்னேன்? ஆபீஸ்காரங்க உள்ள வந்துட்டா அப்புறம் நம்ம கையில எதுவும் இருக்காதுங்க."

வேனுக்குப் பெயின்ட் அடித்த நண்பர் எதிர்க்கட்சி. "பதிவு பண்ணுய்யா. சரக்கு வண்டியில பிள்ளையப் படுக்க வைக்கிறான்னு எவனாவது கிளப்பிவிட்டா என்ன பண்ணுவ? ஆனா ஒண்ணு, கட்டில் தரையோட சேர்ந்து நிக்கணுமாம். பாப்பா கட்டிலுக்கு நாலு போல்ட் போட்டுடு."

"என் வேலையில போல்ட்டா?" தச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "மடக்கினா அங்க கட்டில் இருக்கிறதே தெரியாது. அதுக்கு மேல என்ன வேணும் அவங்களுக்கு?"

நாலே நாலு போல்ட். ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்தைத்தான் மனுஷன் கௌரவம் பார்த்துத் தொலைத்தார்.

கடைசியில் தச்சர் கோர்ட்டில் மனுக் கொடுத்தார், வேனையும் பதிவுக்கு விட்டார். வேனைப் பார்க்க வந்த பரிசோதகர் கெட்டவர் இல்லை. சுவரிலிருந்து கட்டில் இறங்கியபோது "அடேங்கப்பா" என்று மரத்தைத் தடவிக்கூடப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

"அருமையா பண்ணியிருக்கீங்க. ஆனா மடக்குற கட்டில் கணக்குல வராதுங்க. தரையில முடுக்கியிருக்கணும்."

"சாயங்காலத்துக்குள்ள முடுக்கிடறேன் சார்."

"முடுக்குங்க. மறுபடி பாக்கத் தேதி மூணு மாசம் கழிச்சுத்தான் கிடைக்கும். இப்பவே வேணும்னா படுக்கை வசதி ஒருத்தர்னு போட்டுத் தரேன்."

கோர்ட் தேதிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. வீடு என்று ஒரு காகிதம் கிடைத்தால் போதாதா, அதில் எத்தனை பேர் என்று எவர் பார்க்கப் போகிறார்கள்? தச்சர் கையெழுத்துப் போட்டார்.

பார்த்தார்கள். கோர்ட்டில் குழந்தைகள் விவகாரத்தைக் கவனிக்கும் அதிகாரி அம்மாள், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முதலில் பார்த்ததே அந்த வரியைத்தான்.

"படுக்கை வசதி ஒருவர்னு இருக்கு. பொண்ணு எங்க படுக்கும்?"

"அவளுக்குத் தனிக் கட்டில் இருக்கு மேடம். அன்னிக்கே போல்ட்டும் போட்டுட்டேன். வந்து பாருங்க."

"நான் வேனைப் பாக்க முடியாது. இதைத்தான் பாக்க முடியும். இது பொய்ன்னு சொல்றீங்களா?"

பொய் என்றால் பதிவு ரத்து, வீடே இல்லை. மெய் என்றால் மகளுக்குக் கட்டில் இல்லை.

"அந்த ஒரு கட்டில்ல அவ படுத்துக்கட்டும் மேடம். நான் வெளியில படுத்துக்கறேன்."

"ராத்திரி முழுக்கக் குழந்தையத் தனியா உள்ள விட்டுட்டு."

அம்மாள் இதைக் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்.

உத்தரவு அரைப்பக்கம்தான். சனிக்கிழமை, பகலில் மட்டும், மாலை ஆறு மணி வரை. விடுமுறை கிடையாது. திருத்திய பதிவோடு ஒரு வருடம் கழித்து மறுபடி மனுச் செய்யலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். இங்கே ஆண்டி சங்கை ஊதியதோடு நிற்கவில்லை, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார்.

கோர்ட் படிக்கட்டில் மகளின் அம்மா நின்றிருந்தாள். குத்திக் காட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது.

"இனிமே நானே நினைச்சாலும் ராத்திரி அனுப்ப முடியாதுங்க. அனுப்பினா என் மேலயும் கேஸாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு மாற்றல் இல்லைன்னு நேத்துதான் சொன்னாங்க."

தச்சர் தலையை ஆட்டினார். வேனுக்குள் போய் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அடுத்த சனிக்கிழமை மகளைப் பகல் முழுக்க விளையாட விட்டார். ஐந்தரைக்கு வண்டியைக் கிளப்பினார். முன் சீட்டில் பெல்ட்டோடு உட்கார்ந்து வளவளவென்று பேசிக்கொண்டே வந்தவள் பாதி வழியில் தூங்கிப்போனாள். வீட்டு வாசலில் நிறுத்தியபோது ஆறடிக்க நாலு நிமிடம் இருந்தது. எஞ்சினை அணைத்தார். அந்த நாலு நிமிடமும் அவளை எழுப்பவில்லை.

வாசல் விளக்கு எரிந்தது. தோளைத் தொட்டார். மகள் கண்ணைத் திறக்காமல் சோம்பல் முறித்தாள்.

"விடிஞ்சிடுச்சாப்பா?"

"இல்ல கண்ணு," என்றார். "இறங்கணும்."