நான் பேசிய நூற்று நாற்பத்திரண்டு மணி நேரம்

மாதச் சந்தா எவ்வளவோ அதைப் போல எட்டு மடங்குக்குப் பில் வந்திருந்தது. டீயை வாயில் வைத்த நேரம் பார்த்து வந்தது. புரையேறியதுதான் மிச்சம்.

நான் விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, நஷ்டம் எவ்வளவு என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிறவன். சும்மா நின்ற காரின்மேல் சுவர் வந்து இடித்ததாகச் சொன்னவர்களையெல்லாம் பார்த்திருக்கிறேன். ஒருவர் புளுகினால் மூன்றாவது வாக்கியத்திலேயே பிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. என்னிடமே கைவரிசையைக் காட்டுகிறார்களா என்று பற்றிக்கொண்டு வந்தது.

பில் வந்தது, நாம் பேசப் பேச டைப் அடித்துத் தரும் ஒரு மென்பொருளுக்கு. போன மாதம்தான் சந்தா கட்டினேன். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, "முன் பம்பர், வலது ஓரம், விரிசல்" என்று சொன்னால் போதும், எழுதிக்கொள்ளும்.

மனைவியிடம் புலம்பலாம் என்றால் அங்கே வேறு தகராறு. போன மாதம் இருபதாம் தேதி அவளுக்குக் கண் ஆபரேஷன். கூட வந்தவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், பக்கத்துக் கட்டில்காரரின் தம்பி, முன்பின் தெரியாத மனிதர், கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த நேரம் நான் ஒரு லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு அச்சு வளைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, எடுக்கவில்லை.

"நீ சொல்லவே இல்லையே" என்றேன் சாயங்காலம்.

"சொன்னேங்க" என்றாள்.

என்றைக்குச் சொன்னாய், எத்தனை மணிக்கு, நான் எங்கே உட்கார்ந்திருந்தேன், நீ எங்கே நின்றாய் என்று வரிசையாகக் கேட்டேன். தொழில் புத்தி. நாலாவது கேள்வியில் அவள் தடுமாறினாள். ஒரு கண்ணில் கட்டோடு நின்றவளை மடக்கிவிட்டு, ஏதோ கோப்பையை வென்றவன் மாதிரி போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். அன்றிலிருந்து மூன்று வாரமாக அவள் என்னிடம் எதுவும் சொல்வதில்லை. கோபம், தானாகத் தணியும் என்று விட்டுவிட்டேன்.

மென்பொருள் கம்பெனிக்கே போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"சார், சந்தாவுல இருபது மணி நேரம்தான் அடங்கும். அதுக்கு மேல நிமிஷக் கணக்கு. நீங்க போன மாசம் நூத்தி நாப்பத்தி ரெண்டு மணி நேரம் பேசியிருக்கீங்க."

"நானா? அம்மா, நான் வாயே திறக்காத ஆளு!" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினேன்.

அவள் பொறுமைசாலி. முடிக்கும்வரை காத்திருந்து கேட்டாள். "வேலை முடிஞ்சதும் எப்படி சார் நிறுத்துவீங்க?"

"'போதும்மா'ன்னு சொல்வேன்."

எதிர்ப்பக்கம் லேசாக ஒரு இருமல். சிரிப்பை அடக்கினாளோ என்னவோ. பழைய ஆபீசில் பதினேழு வருஷம் எனக்கு ஒரு டைப்பிஸ்ட் அம்மா இருந்தார். "போதும்மா" என்றால் கையை எடுத்துவிடுவார், நானும் எழுந்து போய்விடுவேன். இதுவோ அந்த "போதும்மா"வையும் பிழையில்லாமல் டைப் அடித்துவிட்டு, ஐயா அடுத்து என்ன திருவாய் மலரப் போகிறார் என்று காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால்தான் நிற்குமாம்.

"தெரியாம ஓடுனதுன்னு குறிச்சீங்கன்னா, ஒரே ஒரு தடவை தள்ளுபடி உண்டு சார். ஆனா அந்தப் பதிவெல்லாம் அடியோட அழிஞ்சிடும். வேணுங்கிறது எதாவது இருக்கான்னு பார்த்துட்டு, இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள குறிச்சிடுங்க."

வேண்டியது என்ன இருக்கப் போகிறது என்று திறந்தேன். குரல் ஒன்று, குரல் இரண்டு என்று பிரித்துப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தது. நடுவில் ஒரு கொலைகூட நடந்திருந்தது. பதறிப்போய்ப் பார்த்தால், டிவி சீரியல். குரல் ஒன்று நான். அந்த ஆள் பேசுவது பெரும்பாலும் "ம்". பதினோராம் தேதிக்கு வந்தேன்.

"ஏங்க, இருபதாம் தேதி கண் ஆபரேஷன். கூட ஒருத்தர் வரணும்னு சொல்லிட்டாங்க. வருவீங்கல்ல?"

"வராம? இடது கதவு, நடுவில் பள்ளம், ஆறு அங்குலம்."

பதினைந்தாம் தேதி இன்னொரு தடவை. பதினெட்டாம் தேதி மூன்றாவது தடவை. "ஞாபகம் இருக்குல்ல?" என்று அவள் கேட்டதற்குக் குரல் ஒன்று சொன்ன பதில்: "எத்தனை தடவைதான் சொல்லுவ?"

வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், அடுத்து என் கை போன இடம். தெரியாமல் ஓடியது என்று குறித்தால் பணமும் மிச்சம், என் மானமும் மிச்சம். ஊரார் புளுகைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற பெரிய மனிதர், மௌஸைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் யோசித்தார். பிறகு அந்த மூன்று பக்கங்களையும் பிரிண்ட் எடுத்தேன். மூலப் பதிவு இல்லாத தாளை நானே நம்பமாட்டேன்; அது அழியக் கூடாது என்று பில்லையும் கட்டினேன்.

அவள் படுக்கையறையில், கண்ணாடி முன் நின்று தானே சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். பாதி கன்னத்தில் வழிந்தது. தாள்களை நீட்டி, அது என்ன, எப்படி வந்தது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். மூன்றாவது தாள் வந்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான் சொல்லியிருக்கேன்" என்றாள்.

"சொல்லியிருக்க. மூணு தடவை. தப்பு என்மேலதான்."

"நீங்க கேட்ட கேள்வியில எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. சொல்லாமலே சொன்னதா நினைச்சுக்கிட்டேனோன்னு. எங்கம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது. எதைச் சொன்னேன், எதைச் சொல்லலைன்னு தெரியாம, வாயைத் திறக்கவே பயமா இருந்துச்சு."

மூன்று வாரமும் அது கோபம் என்று நான் நினைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொள்ளவும் இல்லை, திரும்பப் பிடிக்கவும் இல்லை.

"மறதிக்குப் பாக்குற டாக்டர்கிட்ட வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருந்தேன்" என்றாள்.

"அதான் வேண்டாமே இப்ப. போன் பண்ணி ரத்து பண்ணிடலாம்."

"எதுக்கு ரத்து பண்ணணும்?" தாள்களை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "பேரை மட்டும் மாத்திக்கச் சொல்றேன். நீங்க போயிட்டு வாங்க."

சிரிக்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் கேட்டவரிடம் என் வயதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.