ஒரே ஒரு தடவை சொல்லும் பெட்டி

"எல்லாரும் யூஸ் பண்ற முறையே போதும் சார். வந்து சேர்ந்துச்சுன்னு பதில் வர்ற வரைக்கும் அது செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும்" என்று வினிதா படித்துப் படித்துச் சொன்னாள். தாம்பரத்தில் அந்தச் சின்ன ஆபீசுக்கு அவள் ஒருத்திதான் இன்ஜினியர். முதலாளி சாலமனுக்குக் காதில் ஏறினால்தானே! வெள்ள எச்சரிக்கைப் பெட்டி செய்தி அனுப்பும் முறையைத் தானே புதிதாக எழுதினான். அடையாற்றுப் பாலத்தில் மாட்டிய பெட்டி, தண்ணீர் அபாயக் குறியைத் தொட்டதும் வீட்டுக்கு வீடு போனை அலறவைக்கும். ஒரே ஒரு தடவைதான். அதனால் பேட்டரி இரண்டு வருஷம் தாங்கும் என்று அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அனகாபுத்தூரில், தான் பிறந்த தெருவுக்கே முதலில் கொடுத்தான். அதுவரை மழைக்காலத்தில் வீட்டுக்கு ஒருவர் முறைபோட்டுப் பாலத்தில் நின்று தண்ணீர் பார்ப்பார்கள். ஏறினால் கதவு கதவாகத் தட்டுவார்கள், ஆள் வெளியே வரும்வரை தட்டுவார்கள். நம்ம சாலமன் செய்த பெட்டி இருக்கும்போது காவல் எதற்கு என்று அந்த வருஷம் நிறுத்திவிட்டார்கள். கடையில் வாங்கிய பெட்டியை இப்படி நம்பியிருக்க மாட்டார்கள், பாவம்.

டிசம்பரில் ஒரு பகல். வாதத்தில் படுத்த கணவர் ரத்தினத்துக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, அதே தெருவில் இருந்த கனகவல்லி பம்மலுக்கு வீட்டுவேலைக்குப் போனாள். இரண்டரை மணிக்குத் தெருவில் போன்கள் அலறின. தெருவே மாடி ஏறியது. கனகவல்லிக்கும் போன் அடித்திருக்கும், வந்து அவரைத் தூக்கியிருப்பாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பம்மலில் அப்போது கரண்ட் போய், செல்போன் டவர் பத்து நிமிஷம் செத்துக் கிடந்தது. அவளுக்கு வர வேண்டிய செய்தி அத்தோடு போயிற்று. தண்ணீர் கட்டிலுக்கு மேலே ஏறியது.

அடக்கம் முடிந்த மறுநாள் சாலமன் அவள் வீட்டுக்குப் போனான். அவள் பெயருக்கு நேரே 'அனுப்பப்பட்டது' என்றிருந்ததைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க அவன் எழுதிய முறையில் வழியே கிடையாது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தான்.

அதற்குள் அவள் போனை நீட்டினாள்.

"எல்லாருக்கும் அடிச்சிச்சாம் தம்பி. எனக்கும் அடிச்சிருக்கும். அங்க மிக்சி வேற ஓடிகினு இருந்துச்சி. நான்தான் சத்தத்த கம்மியா வெச்சிட்டனா? பாத்து சொல்லு."

வாங்கிப் பார்த்தான். சத்தம் முழுசாக வைத்திருந்தாள்.

"கம்மியாத்தான் இருக்குக்கா" என்றான்.

கனகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள்.