இடப்பக்கத்து இடைவெளி

...வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கைத் தேடக்கூடாது, அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், பின்னால் கிடப்பது இருபது டன் இரும்புச் சுருள், சங்கிலி அறுந்தால் அது யாரையும் கேட்காது... மகிழினி கியரை இறக்கினாள், எண்ணூர் சாலையின் வளைவில் டிரெய்லர் தன் கோட்டை விட்டு ஒரு சாண்கூட விலகாமல் வந்தது, பார்த்தாரா? பக்கத்து இருக்கையில் முதலாளி சண்முகவேல் அண்ணாச்சி கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார், தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்த வியாசர்பாடிப் பெண்ணை நம்பி டிரெய்லரைக் கொடுக்கலாமா என்று பார்க்கத்தான் துறைமுகத்திலிருந்து கூடவே வருகிறார், சாத்தாங்காட்டில் சரக்கை இறக்கியதும் முடிவு சொல்வாராம், சொல்லட்டும், அவர் பிடித்த பிடி இந்த வளைவில் கொஞ்சம் தளர்ந்ததை அவள் பார்க்காமலா இருப்பாள்?

ரவுண்டானா வந்தது, இடப்பக்கம் திரும்ப வேண்டும், ஆனால் இவ்வளவு நீள வண்டியை ஓரத்தை ஒட்டியே திருப்பினால் பின்சக்கரம் நடைபாதையில் ஏறிவிடும், இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் வலப்பக்கம் தள்ளியே போனாள். "எதுக்கும்மா இம்புட்டு எடம் விடுத? எவனாவது உள்ள வந்துருவாம்லா" என்றார் அண்ணாச்சி. "வுட்டாத்தான் திரும்பும் அண்ணாச்சி. வர்றவங்கள பாத்துக்கினுதான் கீறேன்." பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், இடப்பக்கக் கண்ணாடியில் இரண்டு கார்களுக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர், முன்னால் மீன் பெட்டி, ஓட்டுகிறவளின் மஞ்சள் துப்பட்டா... ஸ்டியரிங் பாதி திரும்பியிருந்தது, கால் தானாகப் பிரேக்கை மிதித்தது, வண்டி அப்படியே நின்றது. பின்னால் எத்தனை ஹாரன்கள், அடிக்கட்டும். சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிய அண்ணாச்சி தலையை உள்ளே இழுக்கவே இல்லை, பின்சக்கரத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே, ஒரு முழ இடத்தில், அந்த ஸ்கூட்டர். மஞ்சள் துப்பட்டாக்காரி காலை ஊன்றி ஊன்றி முன்னால் வந்து கதவுக்குக் கீழே நின்றாள். "நடு ரோட்ல வண்டிய நிறுத்திகினு இன்னா பண்ற? மீனு கெட்டுப்பூடும்" என்று திட்டிவிட்டுப் போனாள், அவளுக்கு எதுவுமே தெரியாது, தெரியவும் வேண்டாம், மீன் விற்கட்டும், வீடு போய்ச் சேரட்டும்.

மகிழினி மெதுவாகத் திருப்பி முடித்தாள், நடைபாதை தப்பியது, நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, ஏன் நிமிரக்கூடாது? அண்ணாச்சி சாத்தாங்காடு வருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். "நாளையிலேருந்து இந்த வண்டி ஒனக்குத்தாம்மா. கண்ணாடிய நல்லா பாக்குத." சரி அண்ணாச்சி என்றாள், சிரிப்பை அடக்க முடியவில்லை, ஆனால்... கண்ணாடியில் அப்போது என்ன தெரிந்தது? வண்டி திரும்பத் தொடங்கியதும் கண்ணாடி முழுக்க டிரெய்லரின் பக்கவாட்டுத்தானே? ஸ்கூட்டர் உள்ளே நுழைந்ததை அவள் பார்க்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்த மஞ்சள் காணாமல் போனது, அதற்காகத்தான் கால் மிதித்தது. அப்படியானால் இத்தனை வருடத்தில் அவள் கண்ணாடியிலிருந்து காணாமல் போனவர்களை, அவள் கவனித்தே இராதவர்களை, யார் வண்டியை நிறுத்திக் காப்பாற்றினார்கள்?