ஒரு குடத்துக்கு ஒரு சுமை விறகு

என் வீட்டுக்காரர் மதார் சாகிப்பைப் போல ஒரு கஞ்சனை எங்கள் ஊர் நெம்மேலி பார்த்ததில்லை. பணத்தில் அல்ல, விறகில். கால்வாய்க் கரையில் எங்களுக்கு விறகுத் தொட்டி, அதாவது விறகுக் கிடங்கு, இருந்தது. சவுக்கு மரத்தை வெட்டிக் கட்டைகளாக அடுக்கிவைத்துப் படகில் பட்டணத்துக்கு அனுப்புவார். கூரை உயரத்துக்கு விறகு அடுக்கிய அந்த இடத்தில் நான் சமைத்ததெல்லாம் மிலாறுக் குச்சியிலும் சருகிலும்தான். தெரியாத்தனமாக ஒரு நல்ல கட்டையை அடுப்பில் வைத்துவிட்டால் போச்சு, மனுஷன் வந்து அதை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்துவிடுவார். "சோறு வெந்தாச்சில்ல? அப்பால இன்னாத்துக்கு நெருப்பு?" என்பார். புகையில் இருமிக்கொண்டே நான் திட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

அந்த மனுஷன்தான் ஐம்பத்தைந்தாம் வருஷக் கோடையில் எனக்காகப் பைத்தியக்காரன்போல் விறகை எரித்தார்.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது நாலு வருஷம். இரண்டு பிள்ளைகள், இரண்டும் எட்டாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தன. இரண்டு தடவையும் செங்கல்பட்டில் என் அம்மா வீட்டில். மூன்றாவது தங்கியபோது, அங்கே போகவே மாட்டேன் என்று ஒரே பிடிவாதமாக நின்றுவிட்டேன். அந்த அறையைத் திரும்பப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஆறாம் மாதம் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. முந்தைய இரண்டு தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. 

படகில் கால்வாயைக் கடந்து, வண்டி கட்டித் திருப்போரூர் போய், அங்கிருந்து பஸ்ஸில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு கூடவே கூடாதும்மா. காலை நீட்டி உட்கார்ந்திரு, வேலை செய்யாதே. அலட்சியமா இருந்தா மறுபடியும் அதே கதைதான்" என்றார். வெளியே வந்து இவரிடம் நான் உப்பைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள் என்று எந்தப் பெண்ணாவது வீட்டில் போய்ச் சொல்வாளா? சொன்னால்தான் விடுவார்களா?

 வீடு வந்ததும் அவர் கிணற்றில் ஒரு சொம்பு இறைத்துக் குடித்தார். குடித்தவர் அப்படியே நின்றார்.

"இதுல உப்பு கீதே, அக்தரு."

இருக்காதா பின்னே? கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் தோண்டிய கிணறு அது. மழைக்காலத்தில் பரவாயில்லை, கோடை வந்தால் வாயில் வைத்தாலே கரிக்கும். நாங்கள் பழகிப்போனவர்கள், எங்களுக்கு அது தெரிவதே இல்லை. மறுநாள் விடியும் முன்பே குடத்தை எடுத்துக்கொண்டு திருப்போரூருக்குப் போனார். வெயில் ஏறியபின் வெறுங்குடத்தோடு திரும்பினார். அங்கே குளம் வறண்டு சேறாகிவிட்டதாம். ஊற்றில் சுரக்கிற நல்ல தண்ணீரை ஒரு கையளவு மொள்ள இருபது பெண்கள் காத்திருந்தார்களாம். "கேக்க வாய் வரல" என்றார்.

அதற்கடுத்து அவர் செய்த காரியத்தில் ஊரே வாயைப் பிளந்தது. ஐந்து வேளை தொழுகிற மனுஷன், நேராகச் சின்னையன் குடிசைக்குப் போனார். சின்னையன் சவுக்குத் தோப்புக்குள் திருட்டுச் சாராயம் காய்ச்சி, மதுவிலக்குப் போலீசிடம் மாட்டி, இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய் வந்தவன். அவனைக் கையோடு அழைத்துவந்து எங்கள் தொட்டியில் உட்காரவைத்தார்.

"ஊறல்லேருந்து சாராயத்த நீ பிரிக்கிறல்ல? உப்புலேருந்து தண்ணியப் பிரிச்சுக் குடு."

சின்னையன் பல்லைக் காட்டினான். "இது அத்தவிட சுளுவு பாய். சாராயம் ஏறசொல்ல தண்ணியும் கூடவே ஏறும், பதம் பாத்துப் பிடிக்கணும். உப்புக்கு ஏறத் தெரியாது. அடியிலயே குந்திகினு இருக்கும். ஆனா ஒண்ணு, வெறகு தின்னும்."

"அதப் பத்தி உனக்கின்னா? பானை மட்டும் உன்னுது வாணாம். புதுசு வாங்கியாறேன்."

கீழே ஒரு பெரிய பானையில் கிணற்றுத் தண்ணீர். அதன் வாயில், அடியில் ஓட்டை போட்ட இன்னொரு பானை. அதற்குள் ஒரு கிண்ணம். எல்லாவற்றுக்கும் மேலே, குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய செம்புச் சட்டி. இடுக்குகளைச் சேற்றுத் துணியால் சுற்றிப் பூசினான். கீழிருந்து ஏறுகிற ஆவி சட்டியின் அடியில் பட்டுக் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழும்.

அடுப்பு எரிந்தது. தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டதோ இல்லையோ, இவர் கை பழக்கத்தில் கட்டையை வெளியே இழுத்தது.

"அய்யய்யோ, இன்னா பாய் பண்ற?" என்று சின்னையன் குதித்தான்.

"கொதிதான் வந்தாச்சே?"

"கொதி வர்றதுக்கு ஒரு கட்ட போதும். அந்தத் தண்ணி பூரா ஆவியா ஏறணும்னா அதுக்கு மேல ஏழு கட்ட வேணும். கொதி அதே கொதிதான், சூடு ஏறினாப்பலயே தெரியாது. கட்ட மட்டும் போய்க்கினே கீதும். கெணத்துத் தண்ணி ஊத்துனாலும் கடத்தண்ணி ஊத்துனாலும் இதே கதிதான்."

"அப்ப அந்த ஏழு கட்டயோட சூடு எங்கதாய்யா போவுது?"

"மேல் சட்டில கைய வுட்டுப் பாரு."

விட்டார். அம்மாடி என்று கத்திக்கொண்டு கையை உதறினார். நெருப்பே படாத சட்டியில் தண்ணீர் கொதிக்காத குறை. "சூடெல்லாம் ஆவிக்குள்ள ஒளிஞ்சுகினு மேல போவுது. சட்டில பட்டதும் அத்த எறக்கி வெச்சிட்டுத்தான் தண்ணியா மாறுது. நீ சட்டித் தண்ணிய மாத்திக்கினே இருக்கணும், இல்லாங்காட்டி சொட்டு வுழாது" என்றான் சின்னையன்.

மதார் சாகிப் கொஞ்ச நேரம் விறகடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏறி, உச்சியிலிருந்து காய்ந்த நல்ல கட்டைகளாக உருவிப் போட்டார். சாயங்காலம் வரை எரிந்து, ஒரு தலைச்சுமை விறகு சாம்பலானபோது ஒரு குடம் தண்ணீர் தேறியது. ஒரே ஒரு குடம்! 

ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். சப்பென்று இருந்தது. குடித்த மாதிரியே இல்லை.

"நல்லா கீதா?"

"தித்திப்பா கீது" என்று புளுகினேன்.

சட்டியின் சுடுதண்ணீரைக் கீழே கொட்ட அவருக்கு மனசு வருமா? அண்டாவில் ஊற்றி, பதமாக விளாவி, என்னை அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, வீங்கிய காலைத் தூக்கி அதில் வைத்தார். தானே பிடித்தும் விட்டார். "ஐயோ, காலத் தொடாதீங்க, யாராச்சும் பாத்தா இன்னா சொல்வாங்க" என்று பதறினேன். "கம்முனு குந்து. சூடு வீணாப் போவுது" என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நாலு வருஷத்தில் அவர்மேல் அவ்வளவு பிரியம் எனக்கு வந்ததில்லை.

தினமும் அதுதான் நடந்தது. சட்டி மாற்றும்போதெல்லாம் என் காலுக்குச் சுடுதண்ணீர். எழுந்தால் திட்டு. மூன்று நாளுக்கொரு முறை அடிப்பானையில் படிந்த வெள்ளைப் பொருக்கைச் சுரண்டிக் கொண்டுவந்து காட்டுவார். "பாத்தியா, இவ்ளோவும் உன் வயித்துக்குள்ள போயிருக்கும்!" என்பார், திருடனைப் பிடித்துவிட்டவர் மாதிரி.

ஒருநாள் புகையையும் சின்னையனையும் சேர்த்துப் பார்த்துவிட்டு ஒரு ஏட்டு லத்தியோடு வந்தார். பானையை உடைக்கக் கையை ஓங்கியதும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நான் குறுக்கே போய் நின்றேன். "குடிச்சுப் பாத்துட்டு ஒடை!" என்றேன். ஒரு வாய் குடித்துப் பார்த்த ஏட்டு, "இன்னாம்மா இது, ஒரு ருசியும் இல்ல" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே போனார்.

எட்டாம் மாதம் மறுபடி ஆஸ்பத்திரி. வீக்கம் பெரும்பாலும் வடிந்திருந்தது. டாக்டரம்மா வயிற்றில் குழலை வைத்துக் கேட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறது என்றார். என் வாய் சும்மா இருக்குமா? சொட்டுத் தண்ணீர்க் கதையைப் பெருமையாக அளந்தேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"கிணத்துத் தண்ணியில இருக்கிற உப்பு ஒண்ணும் செய்யாதும்மா! நான் சொன்னது கருவாடு, ஊறுகாயை. ரெண்டு மாசமா காலை நீட்டி உட்கார்ந்திருந்தே பார், அதுதான் உனக்கு நல்லதாப் போச்சு."

வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தவரிடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே சொன்னேன். "கெணத்துத் தண்ணியே போதுமாம்! அத்தினி வெறகையும் தெண்டத்துக்கு எரிச்சோம்!" அவர் சிரிக்கவில்லை.  திருப்போரூரில் வண்டி ஏறிய பிறகு சொன்னார்.

"ரெண்டு தபாவும் செங்கல்பட்டுக்கு என்னை ஆள் உட்டுக் கூப்ட்டாங்க. போய் வாசல்ல குந்தினா உள்ளேருந்து எம் பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க. போனா துணில சுத்திக் கையில குடுப்பாங்க. அடக்கம் பண்ண கபரஸ்தானுக்குத் தூக்கினு போனேன். எம் புள்ளைங்களுக்கு நான் செஞ்சது அது ஒண்ணுதான், அக்தரு. இந்த தபாதான் முன்னாடியே எதனா செய்ய முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

பாவி நான், அதுவரை ஒருநாளும் அதை யோசித்ததில்லை. என் வயிறு, என் பிள்ளை, என் துக்கம் என்றே இருந்துவிட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வண்டிக்காரன் பார்த்தால் பார்க்கட்டும் என்று வீடு வரும்வரை விடவில்லை.

மறுநாள் காலை தொட்டியில் புகை இல்லை. அவர் விறகடுக்கில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கிணற்றில் ஒரு சொம்பு இறைத்து, அவர் கண்ணெதிரே ஒரு வாய் குடித்துத் துப்பினேன்.

"கரிக்குது. எறங்கல. எனக்கு அந்தத் தண்ணிதான் வேணும்."

"டாக்டரம்மாதான்..."

"டாக்டரம்மாவா குடிக்கிறாங்க? நான்தான குடிக்கிறேன்?"

 அவர் எழுந்து அடுக்கின்மேல் ஏறினார்.

ஆனி மாதம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வலி வந்து இரண்டு பகல் இரண்டு இரவு கிடந்தேன். மூன்றாம் நாள் விடியும்போது பெண் பிறந்தது. பிறந்ததும் அழவில்லை.  ஆயா முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒரு முனகல் கேட்டது, அவ்வளவுதான். அப்புறம் வீறிட்டது பாருங்கள், அந்தக் கூடமே அதிர்ந்தது!

ஆயா கதவைத் திறந்து, "யாரும்மா மதார் சாகிப்?" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். "சுவத்தோரமா ஒரு ஆளு தலைய முட்டில கவுத்துகினு குந்திகினு கீறாரு. கூப்ட்டாலும் எழுந்துக்கல, காது கேக்காதா?" என்றாள் என்னிடம்.

எனக்கா தெரியாது? பேரைச் சொல்லிக் கூப்பிட்டதுமே பழைய இரண்டு தடவைதான் அவர் நினைவுக்கு வந்திருக்கும். உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினேன்.

"இந்தாங்க! உள்ள வாங்க! புள்ள காதுல பாங்கு சொல்லணும்!"

ஓடி வந்தார். ஆயா பிள்ளையை நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அது அலறுகிற வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேற்கே திரும்பி, வலது காதருகே குனிந்து, "அல்லாஹு அக்பர்" என்று தொடங்கினார். குரல் உடைந்துவிட்டது. பிள்ளை கத்திக்கொண்டே இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.