எதிர்வீட்டு ஆட்சேபணை

செம்பை அண்ணாந்து கடைசிச் சொட்டு மோர் வரை குடித்துவிட்டுத் தலையை இறக்குகிறேன், எதிர்வீட்டு வாசலில் வெள்ளத்தாய் நின்றுகொண்டு என்னையே பார்க்கிறாள், அவ்வளவுதான், காரியம் கெட்டது என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது, பணி ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் மத்தியானத் தூக்கத்தில் நான் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கிறேன், வந்தால் பதறி எழுவதில்லை, இன்னும் கொஞ்சம் இருக்கலாமே என்று புரண்டு படுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு நடந்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்போது நான் நன்னடத்தை அலுவலர், சிறையில் இருப்பவரை முன்கூட்டியே விடுதலை செய்யலாமா என்று அவர் ஊருக்கே போய் விசாரித்து எழுதுகிற வேலை, அதில் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவார்கள், விசாரணைக்குப் போன தெருவில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதே, ஒரு வீட்டில் குடித்தால் மற்ற வீட்டுக்கு நீ அந்த வீட்டு ஆள். இருபத்திரண்டு வருடம் கையில் தண்ணீர் பாட்டிலோடு அலைந்தவள், அன்றைக்குப் பார்த்து அதைப் பஸ்ஸில் விட்டுவிட்டு, சித்திரை வெயிலில் கரிசல் காட்டுப் பாதையில் நடந்து வந்து, பால்வண்ணனின் மனைவி செண்பகவல்லி நீட்டிய செம்பை வாங்கிவிட்டேன், நாக்குக்கு எங்கே விதி தெரிகிறது.

பால்வண்ணன் உள்ளே போய்ப் பதினான்கு வருடம், கிணற்றுத் தண்ணீர் யார் முறை என்று வந்த வாய்த்தகராறில் எதிர்வீட்டுச் சங்கிலிமாடனை மண்வெட்டியால் அடித்தான், ஒரே அடி, ஆள் எழுந்திருக்கவில்லை, அந்தச் சங்கிலிமாடனின் மனைவிதான் வெள்ளத்தாய். அவள் ஆட்சேபணை இல்லை என்று சொன்னால் கோப்பு நகரும், வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை போகாவிட்டால் அவன் மனு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும், இந்த நிலையில்தான் நான் உதட்டில் மோரோடு தெருவைக் கடக்கிறேன், அங்கன மோர் குடிச்ச வாயால எங்கிட்ட என்னத்தக் கேக்கப் போறீக என்றாள், கதவைச் சாத்தினாள். அலுவலகத்தில் கண்காணிப்பாளர் தேவசகாயம் சார், ஆட்சேபணை தெரிவிக்கவில்லைன்னு எழுதிடுங்க மேடம், கதவச் சாத்தினவங்க வாயத் தொறந்து ஆட்சேபணைன்னு சொல்லலைல்ல என்று சிரித்தார், பேனாவைத் திறந்தேன், மூடினேன், சிறையில் பால்வண்ணனைப் பார்த்தது நினைவுக்கு வந்தது, வெளியே போனால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, அந்தத் தெருவுல எப்படிம்மா நடப்பேன், அதான் யோசனையா இருக்கு என்றான், இப்படி எழுதி அவனை வெளியே விட்டால் அந்தத் தெருவில் அவன் நடக்கவே முடியாது என்று எனக்குப் பட்டது.

வியாழக்கிழமை மறுபடி போனேன், பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு போனேன். வெள்ளத்தாய் வாசலில் மிளகாய் வத்தலைக் குவித்துக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள், வாங்க என்று சொல்லவில்லை, நானாக உட்கார்ந்தேன், தப்புதாம்மா, தாகம் தாங்கல, குடிச்சிட்டேன் என்றேன், அவள் அடுத்த வத்தலை எடுத்தாள், நானும் கிள்ள ஆரம்பித்தேன், அரை மணி நேரத்தில் விரலெல்லாம் எரிந்தது, புத்தி கெட்டுப்போய் அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்தேன், அரசாங்க அலுவலர் ஒருத்தி நடுத்தெருவில் குதிப்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, தேய்க்காதீக, தேய்க்காதீக என்று முந்தானையால் என் முகத்தை ஒற்றி எடுத்தாள். கண்ணைத் திறக்க முடியாமல் நான் இருந்தபோதுதான் அவள் பேசினாள், கோர்ட்டுல மூணே கேள்விதாம்மா கேட்டாக, நீ பாத்தியா, கையில என்ன இருந்துச்சு, மணி என்ன, அம்புட்டுதான், இறங்குன்னுட்டாக, செத்தவரு எப்படிப்பட்டவருன்னு ஒருத்தரும் கேக்கல, நான் அந்தப் பயல ஒரு வார்த்த ஏசல, ஏசுறதுக்குள்ள ஜீப்புல ஏத்திட்டுப் போயிட்டாக, பதினாலு வருசமா அவன உள்ள வச்சுச் சோறு போட்டு நீங்க காவல் காத்தா நான் யாரப் பாத்து ஏச, அவன் பொண்டாட்டியவா, அவ என்ன செஞ்சா பாவம், விடச் சொல்லுங்க, விட்டா எம் முன்னால வந்து நிக்கணும், தலையக் குனிஞ்சுக்கிட்டு ஓடப்பிடாது. குற்றவியல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் தண்டனையின் நோக்கங்கள் என்று கரும்பலகை நிறைய எழுதிப்போட்டார், நான் அத்தனையையும் மனப்பாடம் செய்து முதல் மதிப்பெண் வாங்கினேன், அதில் எந்த வரியிலும் இந்த அம்மாள் இல்லை, எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஆட்சேபணை என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினேன், கீழே இடுக்கி இடுக்கி, விடுதலையாகும் நாளில் மனுதாரர் எதிர்வீட்டாரை நேரில் சந்திப்பார் என்றும் எழுதினேன்.

ஆடியில் அவன் வந்தபோது நானும் போனேன், யாரும் என்னை அனுப்பவில்லை, அன்றைக்குத் தூறல் விழுந்ததா இல்லை தூக்கத்தில் நானாகச் சேர்த்துக்கொண்டேனா தெரியவில்லை, பால்வண்ணன் தெருவைக் கடந்து எதிர்வீட்டு வாசலில் தலை நிமிர்ந்து நிற்கிறான். வெள்ளத்தாய் ஆரம்பித்தாள், கல்யாணமான வருடத்திலிருந்து ஆரம்பித்தாள், சங்கிலிமாடனுக்கு மொச்சைக் குழம்பு பிடிக்கும் என்பதையும், மகளைத் தோளில் வைத்துக்கொண்டு பொருட்காட்சி முழுக்கச் சுற்றியதையும், கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுப் பாட்டை முணுமுணுப்பதையும் ஏச்சோடு ஏச்சாகச் சொன்னாள், அவர் எப்படிப்பட்டவர் என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது, பால்வண்ணன் அழுதான், முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை, செண்பகவல்லி தன் வீட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மணி நேரமாயிற்று, குரல் கம்மிப்போய், மூச்சு வாங்கி, வெள்ளத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்தாள், போவதா நிற்பதா என்று தெரியாமல் அவன் விழித்தான், இந்த இடம் வரும்போது நான் தூக்கத்திலேயே சிரிக்கிறேனாம், என் மகள் சொல்கிறாள், வெள்ளத்தாய் அவனை நிமிர்ந்து பார்த்து, போ, போயி வயித்துக்குச் சாப்பிடு, நாளைக்கு வெள்ளன வா, இன்னும் இருக்கு, என்றாள்.