குடிக்காதவளின் தள்ளாட்டம்

குடித்தவனைக் கண்டுபிடிப்பதில், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் அமிர்தலிங்கத்தை மிஞ்ச லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஆள் கிடையாது. இருபது வருடம் தானே குடித்துப் பெற்ற படிப்பு அது. எட்டு வருடமாக அவர் ஒரு சொட்டும் தொடவில்லை. ஆனால் குடியை விட்டவர்களுக்கே உரிய கர்வம் மட்டும் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போனது.

ஆகவே, திங்கட்கிழமை காலை ஆட்கள் கூடும் பிரட்டில் பேர் கூப்பிடும் வேளையில், புஷ்பவள்ளி தள்ளாடிக்கொண்டே வந்து தூணைப் பிடித்து நின்றதும் அவருக்கு வேறு யோசனையே வரவில்லை. அவள் வாயில் இஞ்சி மிட்டாய் வேறு. வாடையை மறைக்கக் கிராம்பு மென்றவர்தானே அவரும்!

“என்னாம்மா, காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா?”

இருபது பேர் முன்னால் கேட்டார். புஷ்பவள்ளிக்கு நாற்பத்தாறு வயது. ரப்பர் மரம் சீவுவதில் அந்தத் தோட்டத்தின் முதல் கை அவளுடையது. நெஞ்சில் ஏதோ கிருமி என்று இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, வேலைக்குத் திரும்பிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

“குடிக்கல மண்டோரு. ஆஸ்பத்திரியில போட்ட ஊசியில காது கெட்டுப்போச்சு. அதான் நடை இப்படி.”

“ஏன், நீ காதாலயா நடக்கிறே?”

கூட்டம் சிரித்தது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு தன் நிரை மரங்களுக்குப் போய்விட்டாள்.

இந்த மாதிரிச் செய்தி மேனேஜர் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? மத்தியானமே அவர் மண்டோரைக் கூப்பிட்டனுப்பினார். கத்தி பிடிக்கிற வேலை, குடித்திருந்தால் நிறுத்திவிடலாம், நேரில் பார்த்து ரிப்போர்ட் எழுதிக் கொடு என்றார்.

காரியம் சுலபம் என்றுதான் அமிர்தலிங்கம் நினைத்தார். குடித்த கை நடுங்கும். நடுங்கினால் கத்தி பட்டையைத் தாண்டி இறங்கி மரத்தைக் காயப்படுத்தும். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். அவர் குடித்த காலத்தில் சீவிய மரங்கள் பதினாலாம் நம்பர் காட்டில் நின்று இன்னமும் அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருக்கின்றன.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவள் சீவி முடித்த மரங்களைப் பின்னாலேயே போய்ச் சோதிக்க ஆரம்பித்தார். முதல் மரத்தின் வெட்டைத் தடவினார். சுத்தம். பத்தாவது மரமும் சுத்தம். எண்பதுக்குப் பக்கத்தில் ஒரு காயம் அகப்பட்டது. ஆசையாகக் குனிந்து பார்த்தார். பழைய காயம். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யாரோ சீவியது. மனுஷருக்கு எரிச்சலாக வந்தது.

தூரத்தில் புஷ்பவள்ளி தெரிந்தாள். விடியுமுன் இருட்டில் சீவ எல்லோரும் நெற்றியில் கட்டும் விளக்கு, அவளுக்கு மட்டும் இடுப்பில் தொங்கியது. அடுத்த மரத்தின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், கால்களை அகட்டி வைத்து நடந்தாள். மரத்தைத் தொட்டதும் நின்று மூச்சு வாங்கினாள். அப்புறம்தான் கத்தி இறங்கியது. பட்டை மெல்லிய சுருளாக விழுந்தது. திரும்பவேண்டி வந்தால் தலையை மட்டும் திருப்பாமல் உடம்போடு திரும்பினாள்.

கிண்ணங்களில் வடிந்த பாலை எடுக்கும் நேரம்வரை அவர் மரங்களின் மறைவிலேயே நின்று பார்த்தார். நிரைக்கு நடுவே வாய்க்கால், அதன்மேல் ஒற்றைப் பலகை. மற்றவர்கள் கதை பேசிக்கொண்டே தாண்டுகிற பலகை அது. புஷ்பவள்ளி அதில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்தாள். நிறைந்த வாளியை ஒரு சாண் முன்னே நகர்த்தினாள், பின்னாலேயே தானும் நகர்ந்தாள். மறுபடி வாளி, மறுபடி அவள். அக்கரை சேர்ந்தபோது ஒரு சொட்டுப் பாலும் சிந்தியிருக்கவில்லை. என்ன மனுஷி இவள்!

“ஒளிஞ்சு நின்னது போதும், வாங்க மண்டோரு. வாயை மோந்து பாக்கணுமா?”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார். “நெசமாத்தான் கேக்கிறேன். காதுக்கும் காலுக்கும் என்னாம்மா சம்பந்தம்?”

“நம்ம சாயாம பாத்துக்கிற நரம்பு உள்காதுலதான் இருக்காம். நெஞ்சு வால்வுல கிருமின்னு ஆறு வாரம் ஊசி போட்டாங்க. அதுலதான் பொழைச்சேன். அதே ஊசி இந்த நரம்பைச் சாகடிச்சிருச்சு. இனிமே திரும்ப வராதாம்.”

பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். ஜென்டாமைசின் என்ற மருந்தின் பெயரை எழுதி, இவருக்கு இனி போடக்கூடாது என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தது.

“தலை அசைஞ்சா மரமெல்லாம் ஆடுதுண்ணே, அதான் விளக்கையும் இடுப்புல கட்டிக்கிறேன். கொமட்டுது, அதான் இஞ்சி மிட்டாய். நடந்து நடந்துதான் கண்ணும் காலும் அந்த வேலையைக் கத்துக்கும்னு பிசியோ அம்மா சொல்லியிருக்காங்க. வீட்டுல படுத்தேன்னா அவ்வளவுதான். என் வேலையை மட்டும் நிப்பாட்டிடாதீங்க.”

“தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சுக்கம்மா.”

“எங்கிட்ட மட்டும் சொல்லி என்னா லா? இருபது பேரு கேட்டாங்க. அவங்க முன்னால சொல்லுங்க.”

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மண்டோர் வேலைக்கு வந்ததிலிருந்து சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துப் பழக்கமில்லாதவர். ஆனாலும் புதன்கிழமைப் பிரட்டில் பேர் கூப்பிட்டு முடித்ததும் தொண்டையைக் கனைத்தார்.

“புஷ்பவள்ளி குடிச்சிருக்குன்னு சொன்னேன். தப்பு. இந்தத் தோட்டத்துல குடிச்சிட்டு மரத்தைக் கெடுத்தவன் நான்தான். அது சீவின மரத்துல ஒரு காயம் கிடையாது. கண்ணு முன்னால எல்லாம் ஆடுறப்போ சீவினது. ஆடாம நிக்கிற நம்மால அப்படி முடியல.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த ரிப்போர்ட்டை அவளிடம் காட்டினார். “வேலை தொடரலாம்னு எழுதிட்டேன். வாய்க்கால் இல்லாத நிரை குடுக்கச் சொல்லியும் கீழ எழுதியிருக்கேன்.”

“அந்தக் கடைசி வரியை அடிச்சிடுங்கண்ணே. இப்ப உக்காந்து தாண்டுறேன். தீபாவளிக்குள்ள அந்தப் பலகையில நான் நின்னு நடக்கணும்.”

அமிர்தலிங்கம் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.