கவிழ்க்காத டிரம்

பட்டிமன்றத்தில் என்னை எதிர்த்துப் பேச செகந்திராபாத்தில் ஆள் குறைவு. வாரமெல்லாம் லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர் வேலை, ஞாயிறானால் மேடை. எதிரணியின் வாதத்தில் எங்கெங்கே ஓட்டை என்று விரல்விட்டு எண்ணிக் காட்டுவேன். முன்வரிசையில் உட்கார்ந்து முதலில் கைதட்டுகிறவள் என் மனைவி காஞ்சனா.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை ஜலஜா வந்தாள். எங்கள் குவார்ட்டர்ஸில் அடுத்த லைனில் வளர்ந்த பெண், இப்போது கொசு ஒழிப்பு வேலையில் இருக்கிறாள். வாரம் ஒருமுறை தண்ணீர் டிரம்மைக் காலி செய்து, தேய்த்துக் காயவைக்க வேண்டும் என்றாள். எங்களுக்கோ ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். ஆனாலும் காஞ்சனா மறுபேச்சில்லாமல் டிரம்மைக் கவிழ்க்கக் கை வைத்தாள்.

வாசலில் லைன்காரர்கள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கூட்டத்தைக் கண்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

“இருபது வருஷமா டிரம்முல தண்ணி புடிக்கிறோம்மா. யாராவது செத்தாங்களா? மொதல்ல உங்க ஆபீஸ் முன்னாடி இருக்குற சாக்கடையை மூடுங்க. இன்னைக்கு டிரம்மைக் கவுக்கச் சொல்வீங்க, நாளைக்குக் குளிக்கவே நக்கோ, வேணாம்னு ஆர்டர் போடுவீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்ன மூன்றுமே ஓட்டை வாதங்கள். இதுவரை நடக்காதது இனியும் நடக்காது என்பது ஒன்று. நீ மட்டும் யோக்கியமா என்பது இரண்டு. சொன்னதை விட்டுவிட்டுச் சொல்லாததற்கு இழுப்பது மூன்று. எதிரணி பேசியிருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். ஜலஜா அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள். காஞ்சனாவும் சிரித்துக்கொண்டே டிரம்மிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அந்தக் கைதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

மூன்று வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. ஆறாம் நாள் போய்விட்டாள்.

துக்கம் கேட்க ஜலஜாவும் வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

“உங்க டிரம்முல பொறந்த கொசுதான்னு எப்படிண்ணா சொல்ல முடியும்? லைன்ல எல்லார் வீட்டு டிரம்முலயும்தான் தண்ணி நின்னுச்சு. மனசைப் போட்டு வதைச்சுக்காதீங்க.”

பழக்க தோஷம், அவள் வாதத்திலும் ஓட்டை தேடினேன். ஓட்டை இல்லாமலிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன். அன்று என் வாசலில் சிரித்தவர்களில் ஒருவர்கூட வீட்டுக்குப் போய் டிரம்மைக் கவிழ்க்கவில்லை. அத்தனை பேரும் என் பேச்சைத்தான் நம்பினார்கள்.

அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“சரிம்மா” என்றேன்.